16 பேரோடு துனீசியக் கடற்கரைக்கு

லண்டன் ஹரோவிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "அப்பா அம்மாவின் 50ஆவது திருமண நாளுக்கு எல்லோரும் சேர்ந்து துனீசியா போவதாக முடிவெடுத்திருக்கிறோம். நான், கணவர், 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு மகன்கள். அண்ணா, அண்ணி, அவர்களுடைய 6 வயது, 4 வயதுப் பிள்ளைகள். மச்சாள், அவருடைய கணவர், 15 வயது மகள், 11 வயது மகன். இன்னும் மணமாகாத தம்பி. அப்பாவுக்கு 76 வயது, இன்சுலின் போடுகிறார், முழங்கால் வருத்தமும் உண்டு. அம்மாவும் மாமியும் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். மாமியிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். ஓகஸ்டில் போவதா, ஒக்டோபர் பாடசாலை விடுமுறையில் போவதா? ஹம்மாமெத்தா, சூஸா? எல்லோருக்கும் நானே ஒரே முற்பதிவாகப் போட்டுவிடலாமா? தம்பி சஹாராவுக்கும் போகவேண்டும் என்கிறான். அண்ணிக்கு அந்த நாடு பாதுகாப்பானதா என்ற பயம்."

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய மாமியின் கடவுச்சீட்டைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மூன்று மாதம் வரை துனீசியாவுக்கு விசா வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வேண்டும். மாமிக்கு இங்கே நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் அது இந்த விசாவுக்குப் பதிலாகாது. லண்டனிலுள்ள துனீசியத் தூதரகத்தில் என்னென்ன பத்திரம் கேட்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து, பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பாகக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரித்தானியாவில் பழைய வதிவிட அட்டைகள் போய் இப்போது எல்லாம் மின்விசா. மாமி கடவுச்சீட்டைப் புதுப்பித்திருந்தால், அந்தப் புதிய இலக்கம் அவருடைய உள்துறை அமைச்சுக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். சேர்க்காவிட்டால் திரும்பும் நாளில் விமான நிறுவனத்தின் கணினியில் அவருடைய உரிமை தெரியாது. 15 பேர் உள்ளே போக, மாமி கவுண்டரில் நிற்க நேரும்.

காலம். ஒக்டோபர் விடுமுறையைத்தான் சொல்வேன். ஓகஸ்டில் பகலில் 32, 33 பாகை வெயில். அதோடு பிரான்சில் வாழும் துனீசியர்கள் ஊர் திரும்புவதும் அல்ஜீரியக் குடும்பங்கள் எல்லை தாண்டி வருவதும் அந்த மாதந்தான். உணவுக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நிற்கவேண்டும், அப்பாவின் முழங்கால் அதைத் தாங்காது. ஒக்டோபர் கடைசியில் பகல் 24 பாகை அளவில் இருக்கும், கடல் 22 பாகைக்குக் குறையாமல் இருக்கும். கோடை முழுக்கச் சூடேறிய கடல் மெதுவாகத்தான் ஆறும். ஈஸ்டர் விடுமுறையில் வெயிலைப் பார்த்து ஏமாந்து போகிறவர்கள்தான் 16 பாகைத் தண்ணீரில் காலை வைத்துவிட்டுத் திரும்பி ஓடுகிறார்கள். ஒக்டோபரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: மாலை ஐந்தரைக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், இரவில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும், இடையில் ஒருநாள் பெருமழை கொட்டலாம். சில ஹோட்டல்கள் நீர்ச்சறுக்குகளை மூடிவிடும். ஆகவே சூடாக்கிய உள்ளகத் தடாகம் இருக்கிறதா, ஒக்டோபரில் அது உண்மையாகவே இயங்குகிறதா என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். இங்கே ஒக்டோபரின் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் தள்ளுவார்கள், துனீசியாவில் தள்ளுவதில்லை. உங்கள் விடுமுறை அந்த ஞாயிறைத் தாண்டினால் போகும்போது இல்லாத ஒரு மணி நேர வித்தியாசம் வரும்போது இருக்கும்.

செப்டெம்பரில் மலிவு என்று யாராவது சொன்னால் பாடசாலை அபராதத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அனுமதியில்லாமல் ஐந்து நாள் நிறுத்தினால் இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. உங்கள் கூட்டத்தில் பாடசாலைக் கட்டாய வயதில் ஐந்து பிள்ளைகள். இருவர் இருவராகப் பெருக்கினால் 800 பவுண்.

இடம். ஹம்மாமெத்தின் பழைய நகரம் அழகு, ஆனால் ஹோட்டல்கள் கரை நெடுகச் சிதறிக் கிடக்கும். அதற்குத் தெற்கே 10 கிலோமீட்டர் அளவில் புதிதாகக் கட்டிய யாஸ்மின் ஹம்மாமெத்தில் படகுத்துறையும் அகன்ற கரையோர நடைபாதையும் உண்டு. கார்த்தேஜ், சிடி பூ சயீத், துனிஸ் எல்லாம் பார்க்கவேண்டும் என்றால் அங்கிருந்து கிட்ட. மொனாஸ்தீருக்கு அருகே ஸ்கானெஸ் கரையில் தங்கினால் விமான நிலையம் பக்கத்திலேயே, இரைச்சலும் பக்கத்திலேயே. உங்களுக்குப் பொருந்துவது சூஸுக்கு வடக்கே 10 கிலோமீட்டரில் இருக்கும் போர்ட் எல் கந்தாவி என்று நினைக்கிறேன். 1970களின் கடைசியில் உல்லாசப் பயணிகளுக்கென்றே கட்டிய இடம், ஆகவே பழைமை எதையும் தேடிப் போகாதீர்கள். ஆனால் நிலம் சமதரை. ஹோட்டலிலிருந்து படகுத்துறை வரை அப்பா இடையிடையே இருந்து இருந்து நடக்கலாம், மணற்கரை ஆழமில்லாமல் மெல்லச் சரிகிறது, சின்னவர்களுக்கு நல்லது. விமானமும் ஹோட்டலும் சேர்த்து விற்கும் பொதிப் பயணங்களின் விமானங்கள் பெரும்பாலும் இறங்கும் என்ஃபிதா விமான நிலையத்திலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். லண்டனிலிருந்து அங்கே பறப்பதற்கு மூன்று மணி நேரம்.

அண்ணியின் பயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். 2015 ஜூன் 26இல் துப்பாக்கிதாரி ஒருவன் 38 பேரைக் கொன்றது இதே போர்ட் எல் கந்தாவிக் கரையில்தான். அவர்களில் 30 பேர் பிரித்தானியர். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவசியமற்ற பயணம் வேண்டாம் என்று பிரித்தானிய வெளியுறவு அமைச்சு சொல்லி வைத்தது. 2017 ஜூலையில் இந்தக் கரையோரப் பகுதிகளுக்கு அந்தத் தடையை எடுத்தது. இப்போது ஹோட்டல் வாசலில் வாகனத்தைச் சோதிப்பார்கள், பையைக் கதிர்ப்பெட்டிக்குள் விடுவார்கள். லிபிய, அல்ஜீரிய எல்லைப் பக்கங்களுக்கு எச்சரிக்கை தொடர்கிறது. முற்பதிவுக்கு முதல்நாளும் புறப்படுவதற்கு முன்வாரமும் அந்த அமைச்சின் துனீசியப் பக்கத்தை அண்ணியே திறந்து பார்க்கட்டும். எச்சரிக்கை உள்ள பகுதிக்குள் போனால் பயணக் காப்புறுதி செல்லாது, அது பயத்தைவிட நடைமுறையான காரணம்.

இனி முற்பதிவு. ஒரே முற்பதிவு வேண்டாம்.

விமானத்தில் ஒவ்வொரு விலைக்கும் இத்தனை இருக்கை என்று பிரித்து வைத்திருப்பார்கள். மலிவு விலையில் 6 இருக்கைதான் மிச்சம் என்று வையுங்கள். நீங்கள் 16 கேட்டதும் கணினி அந்த ஆறையும் மலிவாகத் தந்துவிட்டு மீதி பத்துக்கு மட்டும் கூட்டாது. 16 பேரும் எந்த விலைத்தட்டில் ஒன்றாக அடங்குவார்களோ அந்த விலையை எல்லோருக்கும் போடும். முதலில் 2 பேருக்கு விலை பாருங்கள், பிறகு 7 பேருக்குப் பாருங்கள். தலைக்கு விலை ஏறினால் காரணம் இதுதான். பல ஒன்லைன் தளங்கள் 9 பேருக்கு மேல் ஏற்பதுமில்லை. பணத்தைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது: முற்பதிவில் முதற்பெயராக இருப்பவர்தான் முழுத் தொகைக்கும் பொறுப்பு. மச்சாளின் கணவருக்கு வேலையில் விடுப்புக் கிடைக்காமல் போனால் அந்தக் கணக்கு உங்கள் தலையில் விழும். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது.

குடும்பம் குடும்பமாகப் பிரிப்பதும் சரிவராது, ஏனென்றால் அறைகள் குடும்பங்களைக் கடந்து போகின்றன. முதலில் ஒரு தாளில் அறைகளைப் போடுங்கள். தனியாள் அறைக்கு மேலதிகக் கட்டணம் உண்டு. மாமியும் தம்பியும் தனித்தனியே எடுத்தால் இரண்டு முறை அதைக் கட்டுவீர்கள். மாமியையும் பேத்தியையும் இரட்டைக் கட்டில் அறையில் போடுங்கள். 15 வயதுப் பிள்ளைக்குப் பல ஹோட்டல்கள் பெரியவர் கட்டணந்தான் எடுக்கும், அவளுக்கு ஒரு முழுக் கட்டிலாவது கிடைக்கட்டும். தம்பியோடு உங்கள் மூத்தவன். அப்பா அம்மா ஒரு அறை. நீங்கள் இருவரும் 9 வயதுக்காரனும், மச்சாள் இருவரும் 11 வயதுக்காரனும், அண்ணாவின் நால்வருக்கு ஒரு குடும்ப அறை. மொத்தம் ஆறு அறை. இதிலிருந்து மூன்று முற்பதிவு: உங்கள் பெயரில் 7 பேர் (உங்கள் அறை, அப்பா அம்மா, தம்பி அறை), அண்ணா பெயரில் 4, மச்சாள் பெயரில் 5. மூவரும் ஒரே நாள் இரவு, தொலைபேசியில் பேசிக்கொண்டே, ஒரே விமான இலக்கத்தைச் சரிபார்த்துப் போடுங்கள். மறுநாள் நிறுவனத்துக்கு அழைத்து மூன்று இலக்கங்களையும் ஒரே குழு என்று இணைக்கச் சொல்லுங்கள். விமான நேரத்தையோ ஹோட்டலையோ அவர்கள் மாற்ற நேர்ந்தால் அந்தக் குறிப்புத்தான் உங்களைச் சேர்த்து வைத்திருக்கும்.

விமானமும் ஹோட்டலும் சேர்ந்த பொதியாகவே வாங்குங்கள். முற்பணம் கட்டிய உடனேயே ஏட்டொல் சான்றிதழ் வரவேண்டும். நிறுவனம் முறிந்தாலும் பணம் திரும்புவதற்கும், அங்கே அகப்பட்டவர்களைக் கூட்டி வருவதற்கும் அதுதான் பிடி. 2018ஆம் ஆண்டின் பொதிப்பயண விதிகளில் குழுக்களுக்கு உதவும் ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாது: ஒருவரால் வரமுடியாமல் போனால், புறப்படுவதற்கு ஏழு நாள் முன்புவரை அவருடைய இடத்தை இன்னொருவருக்கு மாற்றலாம். பெயர்மாற்றச் செலவு உண்டு, சிலவேளை புதிய டிக்கெட்டின் விலையே வரும், ஆனாலும் மறுக்க முடியாது. ஆள் மாற்றாமல் ஒருவரை நீக்கினால் அறையில் மிஞ்சியவர்களின் விலை ஏறும். மூன்று பேருக்குப் போட்ட அறையை இரண்டு பேருக்கு என்று திரும்பக் கணக்கிடுவார்கள்.

காப்புறுதியை முற்பதிவு போட்ட அன்றே எடுங்கள். பயணத்தை இரத்துச் செய்வதற்கான பாதுகாப்பு எடுத்த நாளிலிருந்து தொடங்கும், பறக்கும் நாளிலிருந்து அல்ல. அப்பாவுக்குத் தனியாக எடுக்கவேண்டி வரலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்காலுக்காக டொக்டரைப் பார்த்தது, எதையும் விடாமல் சொல்லவேண்டும்; சொல்லாத நோயொன்றைக் காட்டிக் கோரிக்கையை மறுக்கலாம். ஐரோப்பாவில் காட்டும் சுகாதார அட்டை துனீசியாவில் செல்லாது. தனியார் வைத்தியசாலை முன்பணமோ காப்புறுதியின் உத்தரவாதமோ கேட்கும், ஆகவே காப்புறுதியின் 24 மணிநேர இலக்கம் மூன்று பேரின் தொலைபேசியிலாவது இருக்கட்டும். ஆம்புலன்ஸுக்கு 190, பொலிஸுக்கு 197.

முற்பதிவு போட்டபின் ஹோட்டலுக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதலாம், பிரெஞ்சில் எழுதினால் விரைவாகப் பதில் வரும். அப்பா அம்மாவுக்குத் தரைத்தளம், அல்லது லிஃப்டுக்குப் பக்கத்து அறை. ஆனால் அதைவிட முக்கியம் குளியலறை. இந்தக் கரையிலுள்ள பழைய ஹோட்டல்களில் உயரமான குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் ஷவரில் குளிக்கவேண்டும். ஈரக் காலோடு ஒரு காலைத் தூக்கித் தொட்டிக்கு வெளியே வைக்கும் அந்த ஒரு கணத்தில்தான் வயதானவர்கள் விழுகிறார்கள். தொட்டியில்லாத ஷவர் அறை என்று எழுதிக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் இறப்பர் விரிப்பு ஒன்றும் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றும் கேளுங்கள். அறையிலிருந்து உணவுக்கூடம் எத்தனை மீற்றர் என்றும் கேளுங்கள். பங்களா வகை ஹோட்டல்களில் ஒருமுறை சாப்பிட்டு வர அரைக் கிலோமீற்றர்கூட ஆகும். பக்கத்துப் பக்கத்து அறைகள் என்பது வேண்டுகோள்தான், வாக்குறுதி அல்ல. சாவி கொடுக்கும் வரிசையில் உங்கள் பேருந்திலிருந்து முதலில் நிற்பவர் தம்பியாக இருக்கட்டும்.

அம்மாவுக்கும் மாமிக்கும் சாப்பாடு. எல்லாம் உட்பட்ட பொதி என்றால் சைவத்துக்குப் பஞ்சமில்லை என்று நினைப்பீர்கள். பஞ்சம் இல்லை, பொறி இருக்கிறது. துனீசியாவில் டூனா மீனை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஒரு தூவல் மாதிரி, எதன்மேலும் வரும். சுட்ட மிளகாயும் தக்காளியும் இடித்துச் செய்த சலாத்தா மெஷூயியா நம்முடைய சம்பலுக்கு ஒன்றுவிட்ட சகோதரிதான், ஆனால் மேலே டூனாவும் அவித்த முட்டையும் வைத்துத்தான் தருவார்கள். பிரிக் என்ற பொரித்த மடிப்புக்குள் முட்டை. மரக்கறி குஸ்குஸ் என்று எழுதியிருக்கும், கரட்டும் பூசணியும் கடலையும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குஸ்குஸ் பெரும்பாலும் ஆட்டிறைச்சிக் குழம்பின் ஆவியில் வெந்தது, மேலே ஊற்றுவதும் அந்தக் குழம்பே. ஷோர்பா சூப்பும் அப்படித்தான். ஆகவே "சைவமா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும், அவர் பொய் சொல்லவில்லை. பொருளைச் சொல்லிக் கேட்கவேண்டும்: "சான் வியாந்த், சான் புவாசோன், சான் தோன், சான் எஃப்", அதாவது இறைச்சி, மீன், டூனா, முட்டை இல்லாமல். அங்கத்தைய அரபில் "ப்லா ல்ஹம், ப்லா ஹூத்" என்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல். சமையல்காரரிடம் குழம்பு இறைச்சியில் வைத்ததா என்று தனியாகக் கேட்க "சான் பூயோன் த வியாந்த்". இந்த வரிகளைப் பெரிய எழுத்தில் பிரெஞ்சில் அச்சடித்து அம்மாவின் கைப்பையில் வைத்துவிடுங்கள்.

முதல் நாளே தலைமைச் சமையல்காரரைச் சந்தித்து இருவரையும் காட்டினால் பல இடங்களில் தனியாகக் கிண்டித் தருவார்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை: தபூனா ரொட்டி, ஒலிவ், பருப்பு வகை, வாட்டிய கத்தரிக்காய், தோடம்பழம், பேரீச்சம்பழம், முட்டை சேர்க்காத பாஸ்தா. ஹரிசா என்ற மிளகாய்க் கூழ் எல்லா மேசையிலும் இருக்கும், கூழில் மீன் கிடையாது, மிளகாயும் உள்ளியும் மசாலாவுந்தான், ஆனால் அதன்மேலும் டூனா வைத்துத் தரலாம், பார்த்து எடுத்தால் மாமிக்குப் பிடித்துவிடும். சோறு கிடைத்தால் ருசியே இருக்காது. பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, ஊறுகாய் கொண்டு போங்கள், ஊறுகாய் பெட்டிக்குள். அறையில் சமைக்க விடமாட்டார்கள், ரைஸ் குக்கரை வீட்டில் விட்டுவிடுங்கள். கேத்தல் எல்லா அறையிலும் இருக்காது, இரட்டை முள் அடப்டரும் வேண்டும். திருமண நாள் கேக்கை ஹோட்டல் செய்து தரும், இரண்டு நாள் முன்பாகச் சொன்னால் போதும், ஆனால் முட்டை இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் ஜெலட்டின் போட்ட மூஸ் வரும். அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. வெட்டுவதற்கு அவர்கள் கேக், அம்மா வாயில் வைப்பதற்கு ஹரோவிலிருந்து கொண்டுபோன லட்டு. 16 பேருக்கு அ லா கார்ட் (பட்டியலைப் பார்த்துக் கேட்டு வாங்கும்) உணவகத்தில் ஒரே மேசை வேண்டுமானால் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையே எழுதி வையுங்கள்.

வயிற்றோட்டம் வந்தால் ஒருவரோடு நிற்காது. சூடாக இருக்கவேண்டியது ஆவி பறக்க இருக்கவேண்டும், வெதுவெதுப்பாக இருந்தால் தொடவேண்டாம். நண்பகல் வெயிலில் வெளியே வைத்த மயோனைஸ் சலாட்டை விட்டுவிடுங்கள். குடிக்கவும் பல் துலக்கவும் போத்தல் தண்ணீர். பிள்ளைகள் தடாகத் தண்ணீரை விழுங்குவதுதான் நாம் மறக்கிற வழி. வயிறு குழம்பிய பிள்ளையை நின்றபின்னும் 48 மணி நேரம் தடாகத்தில் இறக்கவேண்டாம். ஊரில் ஜீவனி கரைத்துக் கொடுப்போமே, அதே வகை உப்புக் கரைசல் இங்கே டயோரலைட், 20 பொட்டலம் கொண்டுபோங்கள். அப்பாவுக்கு வாந்தி வயிற்றோட்டம் என்றால் சில நீரிழிவு, அழுத்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டி வரும்; எவற்றை, இன்சுலினை என்ன செய்வது என்று உங்கள் டொக்டரிடம் போவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். இன்சுலின் கைப்பையில்தான். விமானத்தின் அடிப்பெட்டிக்குள் உறைந்தால் பார்வைக்கு மாற்றம் தெரியாமலே கெட்டிருக்கும். இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றைத் தம்பியின் பையில் போடுங்கள்.

கடலில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடி பறக்கும், ஒக்டோபரில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பவேண்டாம். அந்தக் கரை கிழக்கே பார்த்தது. மேற்குக் காற்று வீசும் நாளில் கடல் குளம்போல அமைதியாகத் தெரியும், அன்றைக்குத்தான் காற்றடைத்த மிதவையில் இருக்கும் பிள்ளையைக் காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். மிதவைகள் தடாகத்துக்கு மட்டும். சொறிமுட்டை, இங்கே சிலர் ஜெலிமீன் என்கிறோமே, பட்டால் கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியதை வங்கி அட்டையின் விளிம்பால் வழித்து, தாங்கக்கூடிய சூட்டு நீரில் அரை மணி நேரம் வைக்கவேண்டும். வினாகிரியும் ஐஸும் வேண்டாம். பெண்களுக்கு ஒரு வார்த்தை: பருத்தி ரீ-ஷேர்ட்டோடும் லெகின்ஸோடும் தடாகத்தில் இறங்கினால் ஊழியர் வந்து வெளியேறச் சொல்லக்கூடும். அதே அளவு மறைக்கும் லைக்ரா நீச்சல் துணியைப் பல இடங்களில் ஏற்பார்கள், அதையும் மின்னஞ்சலிலேயே கேட்டு வையுங்கள்.

பணம். துனீசிய தினாரை நாட்டுக்கு வெளியே வாங்கவும் முடியாது, கொண்டு வரவும் கூடாது. விமான நிலையம், வங்கி, ஹோட்டல் எல்லா இடத்திலும் மாற்றும் வீதம் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு பவுணுக்கு 4 தினாருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தினார் 1,000 மில்லிம். இது பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் விலைகளில் மூன்று தசமம் வரும்: பலகையில் 4,500 என்று கிடந்தால் நாலரை தினார். டாக்ஸி மீற்றரில் சிவப்பு எழுத்தில் 6 400 தெரிந்தால் 6 தினாரும் 400 மில்லிமும், 64 அல்ல. மஞ்சள் டாக்ஸியில் நாலு பேருக்கு மேல் ஏற்றமாட்டார்கள், இரவு ஒன்பதுக்குப் பின் ஒன்றரை மடங்கு. 16 பேர் எங்காவது ஒன்றாகப் போகவேண்டுமானால் நான்கு டாக்ஸி, நான்கு பேரம். அதனால் சொல்கிறேன், எல்லோரும் ஒன்றாகப் போவதை வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பொதி விலைக்குள் அடங்காத ஹோட்டல் வரி ஒன்றை அங்கே போய்த்தான் கட்டவேண்டும். நட்சத்திரத்தைப் பொறுத்து மாறும், 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. ஆளுக்கு இரவுக்கு 12 தினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் 12 பேர், 7 இரவு: 1,008 தினார், ஏறக்குறைய 260 பவுண். இதற்கும் டாக்ஸிக்கும் சின்னச் சின்ன டிப்ஸுக்கும் சீட்டுப் பிடிப்பதுபோல ஒரு பொதுப் பணம் சேருங்கள். பெரியவர் பத்துப் பேரும் ஆளுக்கு 40 பவுண் போட்டால் 1,500 தினாருக்கு மேல் வரும். அதை வைத்திருப்பவர் நீங்களாக இருக்கவேண்டாம். முற்பதிவும் நீங்கள், பணமும் நீங்கள் என்றால் விடுமுறை முழுக்கக் கணக்குப்பிள்ளைதான். அண்ணியிடம் கொடுங்கள்.

சுற்றுலாவில் எல்லோரும் சேர்ந்து போகவேண்டியது எல் ஜெம். ஒரு மணி நேர ஓட்டம், ஓட்டுநரோடு ஒரு மினிபஸ் பேசிக்கொள்ளலாம். சிறிய ஊரின் நடுவே மூன்றாம் நூற்றாண்டு ரோமானிய அரங்கு. 35,000 பேர் அமர்ந்து பார்த்தது என்கிறார்கள். அரங்கின் தரைமட்டத்தில் நின்றே பார்க்கலாம், படிகள் உயரம் என்பதால் மேல்தட்டுக்கு அப்பா ஏறவேண்டியதில்லை. அவர் நிழலில் இருந்து பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்கட்டும். பழைய பெரிய மசூதி உள்ள கைருவான் இரண்டாவது, மசூதிக்குள் காலையிலேயே போகவேண்டும், வெள்ளிக்கிழமை வேண்டாம். அங்கே ரவைக்குள் பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்துப் பாகில் போட்ட மக்ரூத் விற்பார்கள், அப்பாவின் கண்ணில் படாமல் வாங்குங்கள்.

தம்பியின் சஹாரா: இந்தக் கரையிலிருந்து இரண்டு நாளில் மத்மாத்தா, டூஸ், உப்பு ஏரியான ஷொத் எல் ஜெரித், தோசர் என்று ஆயிரம் கிலோமீற்றர் அளவில் ஓடுவார்கள். விடியுமுன் புறப்பாடு, பெரும்பாகம் பேருந்து இருக்கை. தம்பியும் உங்கள் மூத்தவனும் மச்சாளின் மகளும் போகலாம், கூட ஒரு பெற்றோர். நாலு வயதுக்காரனையும் அப்பாவையும் ஏற்றவேண்டாம். நாலு சில்லு மோட்டார் வண்டிச் சவாரி காப்புறுதியில் அடங்குமா என்று பார்த்தபின்தான் தம்பி ஏறலாம், பெரும்பாலும் அடங்காது. அவனிடம் ட்ரோன் இருந்தால் லண்டனிலேயே விட்டு வரச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் பறிப்பார்கள்.

சூஸ் பழைய நகரச் சந்தையில் ஒருவர் சிரித்துக்கொண்டு வந்து, "என்னைத் தெரியவில்லையா? உங்கள் ஹோட்டலில் சமையல்காரன்" என்பார். உங்கள் மணிக்கட்டிலுள்ள பட்டியின் நிறத்தைப் பார்த்து ஹோட்டலின் பெயரையும் சரியாகச் சொல்வார். இன்றைக்கு மட்டும் ஒரு கைவினைக் கண்காட்சி, அரசு விலை என்று உள்ளே உள்ளே கூட்டிப் போய் ஒரு கம்பளக் கடையில் நிறுத்துவார். எந்த ஹோட்டல் என்று சொல்லாமல், "என் அறை எண் என்ன?" என்று சிரித்துக் கேட்டுவிட்டு நடங்கள். முழுக்கைச் சட்டை போட்டால் பட்டியே தெரியாது. சேலையில் போகும் மாமியைப் பார்த்தால் இந்தியாவா என்று கேட்டு ஹிந்தி நடிகர்களின் பெயரை அடுக்குவார்கள்; யாழ்ப்பாணம் என்று விளக்கிக்கொண்டு நிற்கவேண்டாம், அதற்குள் தோளில் ஒரு சால்வை விழுந்துவிடும். சொன்ன விலையின் மூன்றிலொன்றில் பேரத்தைத் தொடங்குங்கள்.

கடைசி நாள் நண்பகலுக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், உங்கள் விமானம் இரவாக இருக்கலாம். அப்பா அம்மாவின் அறையை மட்டும் மாலை வரை நீட்டிக்கொள்ளுங்கள், தினாரில் கட்டலாம். 16 பெட்டியும் இன்சுலினும் அங்கேயே இருக்கும், பிள்ளைகள் முறைவைத்துக் குளிக்கலாம். பணம் மாற்றிய பற்றுச்சீட்டுகளை வாரம் முழுக்க அண்ணி பத்திரப்படுத்தியிருக்கவேண்டும். மிஞ்சிய தினாரைக் கடவுச்சீட்டுச் சோதனைக்கு முன்பே திருப்பி மாற்றச் சொல்லுங்கள். அதைத் தாண்டிவிட்டால் உள்ளேயிருக்கும் தீர்வையற்ற கடைகள் அந்த நாட்டின் காசையே வாங்கமாட்டா.